கூவிய வான்கோழி

எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துக்கொண்டிருந்த ஜெரினாவின் கை அப்படியே நின்றது.

"குளுகுளு... குளுகுளுகுளு!"

வான்கோழியின் சத்தம்! ஆனால் அவர்களிடம் இருந்த ஒரே வான்கோழியை கிறிஸ்துமஸுக்காக அறுத்துச் சமைத்தாகிவிட்டது. சாப்பிட்டது போக மிச்சம்தான் இப்போது அவள் முன்னால் தட்டில் கிடந்தது.

"அக்கா, அது கத்துது," என்றான் தம்பி தாமஸ், தட்டைக் காட்டி.

"வெந்த கோழி எங்கயாவது கத்துமாடா?"

சொல்லிவிட்டாளே தவிர, ஜெரினா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ராயபுரத்தில் அன்று காலை மூடுபனி. தெருவை நிரப்பிய பனி, நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவான முற்றத்துக்குள்ளும் வந்து படுத்திருந்தது. குழாயடி தெரியவில்லை. எதிர் வீட்டுக் கதவு தெரியவில்லை. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

அந்த வான்கோழியை அப்பாவின் நண்பர் சௌக்கத் அலி மாதவரத்திலிருந்து கூடையில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முற்றத்தின் கோடியில், ஐரீன் ஆன்ட்டியின் ஜன்னலுக்குக் கீழேதான் அதைக் கட்டி வளர்த்தார்கள். பொல்லாத கோழி. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் போதும், கழுத்தை நீட்டிப் பதில் கூவும்.

அறுத்த பிறகு முதலில் பிரியாணி வந்தது. பிறகு வறுவல். இன்று காலை அம்மா மிச்சக் கறியை மறுபடி நன்றாக வேகவைத்துவிட்டு, "குழம்பு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். "ஐயோ, வேணாம்மா!" என்று இரண்டு பிள்ளைகளும் அலறினார்கள்.

முந்தின நாளே ஐரீன் ஆன்ட்டிதான் கரகரத்த குரலில் வழி சொல்லியிருந்தார். அவர் ரயில்வேயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். துணைக்கு ஒரு மைனா மட்டும். அதுவும் வாயே திறக்காத மைனா.

"சாலட் பண்ணு டார்லிங். அடுப்புல நிக்க வேணாம். கறியைப் பிச்சிப் போடு. வெள்ளரிக்காய், வெங்காயம், அவிச்ச முட்டை, கொஞ்சம் புதினா. மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மிளகுத்தூள். ஆனா எனக்கு ஒரு கிண்ணம் வந்துடணும்."

"கண்டிப்பா ஆன்ட்டி," என்று சொல்லியிருந்தாள் ஜெரினா.

அவள் மறுபடி கறியைப் பிய்க்க ஆரம்பித்தாள். வெள்ளரிக்காயை நறுக்கினாள். அம்மா அவித்து வைத்திருந்த முட்டையை உரித்தாள்.

பூஉஉம்!

பனிக்குள் எங்கோ ஒரு கப்பல் ஊதியது.

"குளுகுளுகுளு!"

தாமஸ் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தான். ஜெரினாவின் கையிலிருந்த முட்டை நழுவி உருண்டது. கப்பலுக்குப் பதில்! அதே குரல், அதே அவசரம்.

பக்கத்து வீட்டிலிருந்து தாயம்மா ஓடி வந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள். பனியால் அன்று படகு எதுவும் போகாததால் வீட்டிலேயே இருந்தாள்.

"இன்னாடி இது? நீங்க அறுத்த கோழியாச்சே! இன்னும் கூவிகினு கீது?"

"எனக்கும் தெரியல அக்கா."

"ஆவிதான், வேற இன்னா! ஒரு வாயி துன்னாதே. அல்லாத்தையும் தூக்கிக் கடாசு!" தாயம்மா தன் வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டாள்.

ஜெரினாவுக்கும் அப்படித்தான் செய்யத் தோன்றியது. ஆனால் தட்டிலிருந்த கறியைப் பார்த்தாள். அதற்குத் தலை இல்லை, கழுத்து இல்லை. அது எப்படிக் கூவும்? மெல்லக் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். தட்டு சும்மா இருந்தது.

பூஉஉம்!

இந்த முறை அவள் தயாராக இருந்தாள். மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். "குளுகுளுகுளு!" சத்தம் தட்டிலிருந்து வரவில்லை. வெளியே, முற்றத்தின் கோடியிலிருந்து வந்தது. வான்கோழி கட்டிக் கிடந்த இடம்.

ஜெரினா எல்லாவற்றையும் கலந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள். ஒரு கிண்ணத்தில் சாலட்டை எடுத்துக்கொண்டாள்.

"எங்கக்கா போற?" கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்டான் தாமஸ்.

"ஆன்ட்டிக்குத் தரேன்னு சொன்னேன்ல."

"அங்கதான் அது கத்துது!"

"நீ இங்கயே இரு. வந்துடறேன்."

பனி முகத்தில் ஈரமாக ஒட்டியது. ஒவ்வோர் அடியாக வைத்துப் போனாள். கோழியைக் கட்டிய கயிறு தரையில் கிடந்தது. அதன் வட்டத்துக்குள் கோழி இல்லை. அதை மிதிக்காமல் சுவரோரமாகப் போனாள்.

ஐரீன் ஆன்ட்டியின் வாசலில் பால் பாட்டில் எடுக்கப்படாமல் இருந்தது. மூடியைச் சுற்றி எறும்பு மொய்த்தது. பால்காரர் விடியும்போதே வைத்துவிட்டுப் போயிருப்பார்.

"ஆன்ட்டி, சாலட் கொண்டாந்திருக்கேன்."

கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுபடி கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

"குளுகுளுகுளு!"

கதவுக்குப் பின்னாலிருந்து! கைக்கெட்டும் தூரத்திலிருந்து!

ஜெரினா திரும்பி ஓடினாள். குழாயடி வரை ஓடினாள். அங்கே நின்றுவிட்டாள்.

ஆன்ட்டி உள்ளேதான் இருக்கிறார். உள்ளே பேய் இருந்தால், பாவம், அவர் அந்தப் பேயோடு தனியாக அல்லவா இருக்கிறார்?

அவள் திரும்பி வந்தாள். கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, ஜன்னலின் மரப்பட்டைகளுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரே இருட்டு. மெல்ல மெல்ல நாற்காலி தெரிந்தது. மேசைக் கால் தெரிந்தது. மேசைக்குக் கீழே வெள்ளையாக ஏதோ ஒன்று தரையில் ஊர்ந்தது.

ஒரு கை!

அந்தக் கை மெல்ல உயர்ந்து, தரையைத் தட்டியது. டொக். டொக். விரலில் ஆன்ட்டியின் பச்சைக்கல் மோதிரம்.

"ஆன்ட்டி!" என்று கத்தினாள் ஜெரினா. ஓடிப்போய்த் தாயம்மாவின் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். "அக்கா, வாங்க! ஆன்ட்டி விழுந்து கெடக்கறாங்க!"

"நான் வரமாட்டேன்! பேய் கீது!"

"பேய் மோதிரம் போடுமா அக்கா? சீக்கிரம் வாங்க!"

கதவு திறந்தது. தாயம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். மீன் கூடை சுமந்த தோளால் ஐரீன் ஆன்ட்டியின் கதவில் ஓங்கி மோதினாள். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

ஐரீன் ஆன்ட்டி தரையில் சாய்ந்து கிடந்தார். ஒரு கால் வீங்கியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"பால் எடுக்க எழுந்தேன்... வழுக்கிடுச்சி..." காற்றாக வந்தது பேச்சு. "கூப்பிட்டேன்... கேக்கல."

பூஉஉம் என்று கப்பல் ஊதியது. கதவோர மூலையில் தொங்கிய கூண்டில் மைனா தலையைச் சாய்த்தது.

"குளுகுளுகுளு!"

தாயம்மா ஒரு துள்ளுத் துள்ளினாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். "அடப்பாவி மைனா! இத்தினி நாளு பேசாம இருந்துட்டு, கத்துக்கினது இதானா?"

ஆன்ட்டிக்கு வலியோடு சிரிப்பும் வந்தது.

தாயம்மா தெருமுனையிலிருந்து ராசையாவின் சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூட்டி வந்தாள். ஆன்ட்டியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா வந்ததும் நடந்ததைக் கேட்டு, மண்ணெண்ணெய் டின்னைக்கூடக் கீழே வைக்காமல் ஜெரினாவை அணைத்துக்கொண்டாள். தாமஸ் கூண்டின் அருகில் போய் நின்று, "பூஉஉம்" என்று ஊதிப் பார்த்தான். மைனா பதில் சொல்லவில்லை. கப்பலுக்கும் தாமஸுக்கும் அதற்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.

பகல் சாய்வதற்குள் ஆன்ட்டி காலில் மாவுக்கட்டோடு திரும்பி வந்தார். படியில் வைத்த கிண்ணத்தை அதற்குள் ஒரு பூனை காலி செய்திருந்தது. வீட்டில் மூடி வைத்திருந்த சாலட்டை ஜெரினா எல்லோருக்கும் பங்கு வைத்தாள். தாயம்மாகூட ஒரு துண்டை வாயில் போட்டு, "ஜில்லுனு கீது, ஆனா பரவால்ல," என்றாள்.

ஐரீன் ஆன்ட்டி கடைசி வெள்ளரித் துண்டு வரை சாப்பிட்டார். ஏதோ சொல்ல வந்தார். ஜெரினா அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஜெரினா சிரித்துக்கொண்டே தன் பங்கில் பாதியை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டாள்.