மலைக்குப் போன துணிகள்

அழுக்குத் துணிக் கூடையில் அவளுடைய துணி ஒன்றுகூட இல்லை. புருஷன் துணி மட்டும் சேறும் சகதியுமாகக் கிடந்தது. வாரம் முழுக்க அவள் உடுத்திக் கழற்றிப் போட்ட பச்சை நைட்டி, சாம்பல் நிற ஸ்வெட்டர், தலை துவட்டிய துண்டு, தலையணை உறை எதையும் காணோம். திருடன்தான் வந்தான் என்று வைத்துக்கொண்டாலும், துவைத்து மடித்த துணியெல்லாம் அலமாரியில் இருக்க, வியர்வை நாறும் நைட்டியை எந்தத் திருடன் தூக்கிக்கொண்டு போவான்? கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கடைசியில் புருஷனுக்குப் போன் போட்டாள்.

அவன் மலைமேல் எங்கேயோ நின்றிருந்தான். காற்று இரைச்சலுக்கு நடுவே சிரிப்புச் சத்தம் கேட்டது. துணியெல்லாம் தன்னிடம்தான் இருக்கிறதாம். வழி நெடுக மரத்தில் தானியங்கி கேமரா கட்டிக்கொண்டு போகிறான் அல்லவா, ஒவ்வொரு கேமராவுக்கும் எதிரே உடுத்திய துணி ஒன்றைக் கட்டினால் மிருகம் நின்று மோந்து பார்க்கும், படம் முழுசாக விழும், இல்லாவிட்டால் வால்தான் விழும் என்றான். அவன் துணியில் பூச்சி எண்ணெய் நாற்றமாம், மிருகம் கிட்டே வராதாம்.

"என்னைக் கேட்கணும்னு தோணலையா?" என்றாள்.

"அட, அழுக்குத் துணிதானே. நீதான் வரலை, உன் துணியாவது மலையைப் பார்த்துட்டு வரட்டுமே."

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டு, அவன் சட்டைகளை எடுத்து மெஷினில் திணித்தாள். அழுகை வரவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

அந்தப் பாதையே அவள் போட்டதுதான். வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய டூர் ஆபீஸ். ஊரிலுள்ள மற்ற டூர்காரர்கள் எல்லாரும் நெடுஞ்சாலை வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போவார்கள், ஜீப்பில் உட்கார்த்தி ஒரு மானின் பின்புறத்தைக் காட்டுவார்கள், திரும்பக் கூட்டி வருவார்கள். எதற்குச் சுற்ற வேண்டும் என்று யோசித்தவள் அவள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்தே ஏறி, முகடு வழியாக நடந்து, கணவாயில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுபக்கம் காட்டுக்குள் இறங்கி, அங்கே ஜீப் ஏறினால் என்ன? யாருமே போகாத வழி. செயற்கைக்கோள் படத்தையும் பழைய வரைபடத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் மண்டையை உடைத்தாள். எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்தச் சரிவில் பாறை உருளும் என்று ஊர் ஊராகப் போன் பண்ணி விசாரித்தாள். சுவரில் மாட்டிய வரைபடத்தில் அந்தச் சிவப்புக் கோட்டை இழுத்தது அவள் கை. வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்தால் அவன் எழுந்து போய் அந்தக் கோட்டில் விரலை வைத்து, "இது நான் கண்டுபிடிச்ச பாதை" என்பான். அந்த நேரம் அவள் டீ தட்டோடு உள்ளே வருவாள்.

மலையில் ஒரு அடிகூட அவள் வைத்ததில்லை. நீயும் வந்துட்டா ஆபீஸை யார் பார்க்கிறது என்பான். முதல் குழுவோடு நான் வந்தே தீருவேன் என்று இந்தத் தடவை ஒரேயடியாகச் சொல்லியிருந்தாள். சரி என்றான். பிறகு உன் முழங்கால் தாங்காது என்றான். பிறகு உனக்கு மலை ஏறுகிற ஷூவே இல்லையே என்றான். அடுத்த தடவை பார்க்கலாம் என்று பேச்சை மாற்றினான். குழு வருவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது.

படங்கள் லேப்டாப்புக்கு வர ஆரம்பித்தன. காட்டுப் பக்கத்துக் கேமராவில் முதலில் ஒரு மான், மரத்தில் கட்டிய அவள் நைட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் வாசனை பிடித்திருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த படத்தில் அதே மான் கழுத்தைத் திருப்பி, படத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் விறைத்திருந்தது. அதற்கடுத்த படத்தில் மானும் இல்லை, நைட்டியும் இல்லை. கயிறு மட்டும் தொங்கியது. அறுந்து தொங்கவில்லை. யாரோ பொறுமையாக முடிச்சை அவிழ்த்திருந்தார்கள்.

விறகு பொறுக்க வந்த யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அடுத்த கேமராவிலும் வெறும் கயிறு. அதற்கு மேலேயும் அப்படியே. விறகு பொறுக்குகிறவர்கள் சுமையோடு கீழே இறங்குவார்கள், மேலே ஏன் ஏற வேண்டும்? அவள் சுவர் வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். துணி காணாமல் போகிற இடமெல்லாம் அவள் போட்ட சிவப்புக் கோட்டில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. காட்டிலிருந்து கணவாயை நோக்கி. கணவாயைத் தாண்டினால் முகடு, அதற்குப் பிறகு இந்தப் பக்கம். கோட்டின் இன்னொரு முனை எங்கே இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? முன்னறையில் இருந்தபடியே பின்கதவு தாழிட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

கணவாய்க் கேமராவில்தான் அது விழுந்தது. விடியற்காலை, பனிமூட்டம். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு உருவம் நின்றது. பச்சை நைட்டியை முன்பக்கம் பின்னாக மாட்டியிருந்தது, கழுத்துப் பட்டன்கள் முதுகில் தெரிந்தன. ஸ்வெட்டரின் கைக்குள் கையை விடாமல் தோளில் போட்டிருந்தது. தலையணை உறையைத் தலையில் கவிழ்த்திருந்தது.

அதற்குக் கீழே, வீட்டுப் பக்கமாக இருந்த கேமராவில் நைட்டி நேராக இருந்தது. ஸ்வெட்டருக்குள் கை போயிருந்தது. துண்டு, அவள் குளித்துவிட்டு வரும்போது சுற்றுகிற மாதிரியே தலையில் சுற்றியிருந்தது. வலது கால் குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டு நின்றது. அவள் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் எப்போது நின்றாலும் அவளும் அப்படித்தான் நிற்பாள், முழங்கால் வலிக்காமல் இருக்க. இப்போதும் அப்படித்தான் நின்றிருந்தாள். அதைக் கவனித்ததும் வலது காலை அழுத்தி ஊன்றினாள்.

காட்டுப் பக்கம் ஜீப்புக்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு, அவன் நெடுஞ்சாலை வழியாக வீடு வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்க விடாமல் லேப்டாப் முன்னால் இழுத்துக்கொண்டு போய், இது யார் என்று கேட்டாள். அவன் குனிந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யாருன்னு என்னைக் கேட்கிறியா? நீதான். எப்ப போனே மேலே?"

நான் வாசலைத் தாண்டவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் நம்பவில்லை. உன் முதுகு எனக்குத் தெரியாதா, நீ நிற்கிற நிலை தெரியாதா, நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஆபீஸைப் பூட்டிவிட்டுத் தனியாகப் போய்விட்டு வந்து நாடகம் ஆடுகிறாயா என்றான். கோபமாகத்தான் ஆரம்பித்தான். போகப் போகக் குரல் இறங்கியது. கணவாய் வரைக்கும் தனியாகவா போனே என்று, ஏதோ புதிதாகப் பார்ப்பவன் போல அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வை தனக்கு வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது படத்தில் நிற்பதற்குப் போய்ச் சேர வேண்டிய பார்வை.

மறுநாள் மத்தியானம் வேலை இருக்கிறது என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அவள் துவைக்க ஆரம்பித்தாள்.

அது வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. வாசனை இல்லாவிட்டால் எங்கே வரும்? அப்படித்தான் அவள் புத்தி ஓடியது. படுக்கை விரிப்பு, போர்வை, திரைச்சீலை, செருப்பு, சீப்பு, ஒன்று பாக்கி விடவில்லை. தரையைப் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். கடைசியில் குளியலறைக்குள் போய், யாரோ விருந்தாளி கொடுத்துப் பிரிக்காமலே கிடந்த சோப்பைப் பிரித்து, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். தலைக்கும் அதையே போட்டாள். கடை மடிப்புக் கலையாத புதுச் சுடிதாரை எடுத்து மாட்டிக்கொண்டாள். கஞ்சி மொடமொடப்பும் கடை வாசனையுமாக இருந்தது. தன் கையைத் தானே மோந்து பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

வீட்டு நாய்க்குச் சோம்பேறி என்று பெயர். யார் வந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிற ஜென்மம். அவள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அது எழுந்து நின்று, அவளையே பார்த்துக்கொண்டு, பின்வாங்கி நகர்ந்து அடுப்படிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பினாயில் நெடி தாங்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலும் தகரத்திலும் விழுந்து, வீடு முழுக்க ஒரே இரைச்சல். மழை வந்தால் கரண்ட்டும் போகும், வழக்கம்தான். லேப்டாப் வெளிச்சத்தில் முன்னறையில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பினாயில் வாசனை மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. அதற்கு அடியிலிருந்து வேறு ஏதோ வாசனை எழும்பியது. ஈர மண். இலை அழுகல். அதோடு கலந்து தலைக்கு வைக்கிற எண்ணெய். அவளுடைய எண்ணெய். பாட்டிலை மத்தியானம்தான் கழுவி ஊற்றியிருந்தாள்.

லேப்டாப்பில் மணி அடித்தது.

தண்ணீர்த் தொட்டிக் கேமரா. திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தாள். திறந்தாள்.

மழை. தொட்டிச் சுவர். மரம். அவிழ்ந்த கயிறு. வேறு யாரும் இல்லை.

பின்கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பிறகு இழுக்க வேண்டிய தாழ்ப்பாள் அது. வெளியிலிருந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறக்கிற வித்தை வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். அவன்தான் வந்துவிட்டான். நல்லவேளை. எழுந்திருக்கப் போனாள்.

காலடி கேட்டது. ஒரு கால் அழுத்தமாக. ஒரு கால் லேசாக.

அவள் எழுந்திருக்கவில்லை.

அடுப்படியில் ஒரு டம்ளரை எடுக்கிற ஓசை. பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம். ஒரு சின்ன இருமல். தொண்டையைச் செருமி விட்டு, பிறகு இருமுகிற இருமல். அவளுடையது. சோம்பேறியின் வால் தரையில் அடித்துக்கொண்டது, டப் டப்பென்று. அது குரைக்கவே இல்லை.

தெருவில் வண்டி வந்து நின்றது. அவன் எப்போதும் போலப் பின்பக்கமாகத்தான் போனான். கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. போகாதே. உள்ளே போகாதே. காற்றுதான் வந்தது.

"இருட்டுல ஏன் நிக்கிறே?" அவன் குரல். பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம். "கண்ணை மூடு. மூடேன். உனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்."

மழை கொஞ்சம் ஓய்ந்தது. அவன் பேசியது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. இத்தனை நாள் உன்னை வீட்டிலேயே போட்டு வைத்தது தப்பு என்றான். அது உன் பாதை, நான் வாய் கூசாமல் என் பாதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்றான். கல்யாணமான புதிதில் பேசிய குரல் அது. வருஷக்கணக்காக அவள் காத்துக்கிடந்த பேச்சு.

"இந்தத் தடவை நீதான் முன்னாடி நடக்கணும். உன் பின்னாடி நாங்க வர்றோம்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுப்படி வாசல். சோம்பேறி எழுந்து குறுக்கே நின்றது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. பல்லைக் காட்டி உறுமியது. அவளைப் பார்த்து.

தரையில் அவன் செல்போன் கிடந்தது, டார்ச் எரிந்துகொண்டு. அந்த வெளிச்சத்தில் அவன் முதுகு தெரிந்தது. மண்டி போட்டிருந்தான். திறந்த அட்டைப் பெட்டி. ஒரு புது ஷூ. அவன் மடியில் ஒரு பாதம். மண் அப்பிய, நீண்ட பாதம். விரல்கள் ஷூவுக்குள் அடங்காமல் ஒவ்வொன்றாகத் தாமாகவே மடங்கி உள்ளே போயின. அவன் பார்க்கவில்லை. லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைமுடிக்குள் ஒரு கை அளைந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் அவள் அளைந்த மாதிரியே.

நனைந்த பச்சை நைட்டி. சாம்பல் ஸ்வெட்டர். தலையில் துண்டு.

துண்டுக்குக் கீழே இருந்தது அவள் பக்கம் திரும்பியது. அவளை நோக்கி மூக்கைத் தூக்கியது. மோந்தது. மறுபடி நன்றாக இழுத்து மோந்தது. புதுச் சோப்பு. கடைத் துணி. பினாயில். அவ்வளவுதான்.

நாய் உறுமுவதைக் கேட்டு, திரும்பாமலே அவன் கேட்டான். "யாரு அங்கே?"

"யாரும் இல்லை," என்றது அவள் குரல். "இன்னொண்ணையும் கட்டிவிடுங்க."

அவன் அடுத்த பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.