கேளாமல் எடுத்த தண்ணீர்

தொட்டித் தண்ணீர் குறையவில்லை. அதை முதலில் கவனித்தவள் மருதாத்தாள். சோறு வடித்து, பாத்திரம் விளக்கி, ரெண்டு பேரும் தலைக்கு ஊற்றிக் குளித்து, துணியும் அலசிப் போட்ட பிறகு, வண்டியின் உட்சுவரில் நட்டுக்குத்தலாக நின்ற கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதற்காக அவள் புருசன் வைத்த குழாய் அது. உள்ளே சிவப்புச் சாயம் பூசிய ஒரு தக்கை மிதக்கும். தொட்டி நிரப்பின அன்றைக்கு எந்தக் கீறலில் நின்றதோ, அதே கீறலில் இன்றைக்கும் நின்றது.

"ஏனுங்க, இது கீழ எறங்கவே மாட்டீங்குது."

"தக்கை ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது" என்றான் நஞ்சப்பன். விரலால் சுண்டினான். தக்கை ஒட்டவில்லை. தாராளமாக ஆடியது. ஆடிவிட்டு, வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி அதே கீறலுக்கு வந்து நின்றுகொண்டது.

நஞ்சப்பன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி. கரண்டு ஆபீசோடு சண்டை போட்டு, கம்பத்தில் வந்த கரண்டைத் திருப்பி அனுப்பியவன் என்று அவனைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் பியூசைப் பிடுங்கிக் கொண்டுபோய் அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தான், அவ்வளவுதான். அண்ணன் சின்னையனோடு பாகம் பிரித்தபோது காடு ரெண்டாகப் பிரிந்தது. கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால் ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு கோடையில் தம்பியின் முறையன்றைக்கு அண்ணன் மோட்டாரை நிறுத்தவில்லை. போய் நின்றவனைப் பார்த்து, களத்தில் அத்தனை பேர் இருக்கும்போது, "தண்ணி வேணும்னா வாய் தொறந்து கேளு" என்றார்.

தன்னுடைய தண்ணீரைத் தானே எதற்குக் கேட்க வேண்டும்?

"இனி மனுசங்கிட்டயும் கேக்கமாட்டேன், சாமிகிட்டயும் கேக்கமாட்டேன்" என்று மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தான். காட்டைக் குத்தகைக்கு விட்டான். சினிமா நோட்டீஸ் போட்டு ஓய்ந்துபோன ஒரு பழைய வேனை வாங்கினான். ஊரே வேடிக்கை பார்க்க அதை வீடாக மாற்றினான்.

தார் டிரம் ரெண்டை அறுத்து ஒட்டவைத்துக் கூரைமேல் தொட்டி. பெய்கிற மழையெல்லாம் அதற்குள் இறங்க, கூரையைச் சுற்றித் தகரத்தில் வாய்க்கால், அதன் வாயில் வடிகட்ட வேட்டித்துணி. இஞ்சினில் ரெண்டாவது டைனமோ, படுக்கைக்கடியில் ரெண்டாவது பேட்டரி, தலைமாட்டில் பல்பு. மரத்தூள் அடுப்பு. பின்பக்கம் எண்ணெய்த் தகரங்களில் கீரை. சீட்டுக்கடியில் கூடையில் ஒரு பொட்டைக்கோழி. கூரை முகப்பில் ஒரு காற்றாடியும் வைத்தான். மேட்டில் ஏறும்போது அது இஞ்சினுக்கே கை கொடுக்கிறது என்று சத்தியம் செய்வான். கோழித்தீவனத்தை மட்டும் வெளியே வாங்கவேண்டியிருந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் மனக்குறை.

மலைமேல் வட்டவடையில் பூண்டு வாங்கிக் கீழ்நாட்டில் விற்பது, மீதிக் காலத்துக்கு இந்த வண்டியிலேயே குடியிருப்பது, எந்த வாசலிலும் போய் ஒரு செம்பு நீட்டாமல் சாவது. இதுதான் திட்டம். மருதாத்தாள் பாத்திரங்களை வண்டியில் ஏற்றினாள். ஆட்டுக்கல்லை ஏற்ற முடியாது என்றதற்கு மட்டும் ரெண்டு நாள் பேசாமலிருந்தாள்.

மூணாறு தாண்டி, காட்டு ரோட்டில், பாறையிடுக்கிலிருந்து ஓர் ஊற்று விழுந்துகொண்டிருந்த இடத்தில்தான் தொட்டியை நிரப்பினான். அங்கே வட்டவடை ஜீப்காரர் ஒருவர் கேனோடு நின்றார். கபிரியேல் என்று பேர். அவர் ஊற்றைப் பார்த்துச் சத்தமாக "எடுத்துக்கவா?" என்றார். ஒரு மூச்சு நேரம் நின்றார். அப்புறம் கேனைப் பிடித்தார்.

"யாரைங்க கேக்கறீங்க?" என்றான் நஞ்சப்பன்.

"யாரையும் இல்ல அண்ணாச்சி. இங்க அப்பிடித்தான். கேக்கணும், நிக்கணும். வேண்டாம்னு வந்தா எடுக்கப்படாது. ஒண்ணும் வரலன்னா எடுத்துக்கிடலாம்."

"வேண்டாம்னு வந்திருக்குதுங்களா?"

கபிரியேல் ஊற்றையே பார்த்தார். "கேட்டுட்டு எடுங்க. ஒரு வார்த்தைதான, காசா பணமா?" என்றார்.

"ஒரு வார்த்தைக்காகத்தானுங்க ஊரையே உட்டுட்டு வந்திருக்கறேன்" என்று நஞ்சப்பன் ரப்பர் குழாயை நேராக ஊற்றின் வாயில் சொருகினான். தொட்டி நிறைந்து வழிகிறவரைக்கும் பிடித்தான். கபிரியேல் தான் பிடித்த கேனைக் கீழே கவிழ்த்துவிட்டு, வெறும் கேனோடு ஜீப்பில் ஏறிப் போனார். அந்தத் தண்ணீர் ரோட்டில் ஓடாமல், திரும்பி ஊற்றின் காலடிக்கே போனதை மருதாத்தாள் பார்த்தாள். சரிவு அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மழை பிடித்தது. ஒரு மைல் போவதற்குள் முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடியது. வண்டியைத் திருப்பினால், ஊற்றுக்கு அந்தப்பக்கமும் சரிந்திருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நஞ்சப்பனுக்குக் கவலையில்லை, சந்தோசம்தான். "இதுக்குத்தான புள்ள இத்தனையும் செஞ்சு வெச்சது."

மழை நின்று மூடுபனி இறங்கி உட்கார்ந்துகொண்டது; கூரை வாய்க்காலில் ஒரு சொட்டு வரவில்லை. ஈரப் பாசியின் வாசனையும், யூகலிப்டஸ் இலை அழுகுகிற வாசனையும், அடியில் வேறொன்றும், பாழுங்கிணற்றை எட்டிப்பார்க்கும்போது முகத்தில் அடிக்குமே அந்தப் பழைய குளிர்ச்சியும், ஜன்னல் சந்து வழியாக உள்ளே வந்து துணிகளில் படிந்தன. பகலா சாயங்காலமா என்று தெரியாத வெள்ளையில், கூரைமேல் தொட்டி மட்டும், யாரோ பெரிய உடம்புக்காரர் சாவகாசமாகப் புரண்டு படுப்பதுபோல, அப்போதைக்கப்போது 'களுக்' என்றது.

தண்ணீர் குறையவில்லை. இஞ்சினை ஓட்டாமலே பேட்டரியும் இறங்கவில்லை. பல்பு அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் அணைந்தது. அடுப்பில் மரத்தூள் அப்படியே இருந்தது.

"யாருதயோ திங்கறாப்பல இருக்குதுங்க" என்றாள் மருதாத்தாள்.

"நாஞ் செஞ்சது வேலை செய்யுது. உனக்கு அதுதான் பொறுக்கல."

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் குழாய் பேசியது. தொட்டியிலிருந்து வண்டிக்குள் இறங்கிய பித்தளைக் குழாயில் முதலில் காற்று அடைத்ததுபோல ஒரு குமிழ்ச் சத்தம். அப்புறம் ரொம்ப மரியாதையாக, ரொம்பத் தூரத்திலிருந்து:

"எடுத்துக்கவா?"

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. ஒரு மூச்சு நேரம். சீட்டுக்கடியில் கோழி ஒரு தடவை சிறகடித்து நிறுத்தியது.

நஞ்சப்பன் குனிந்து கூடையை இழுத்தான். மேலே கட்டின கயிறு கட்டினபடி இருந்தது. உள்ளே கோழி இல்லை. ஓர் இறகு இல்லை. கூடை மட்டும், தண்ணீரில் முக்கி எடுத்தாற்போலச் சொட்டியது. சுவரில் தக்கை ஒரு கீறல் மேலே ஏறியிருந்தது.

மறுநாள் கீரை போனது. கேட்டுவிட்டுத்தான் போனது. தகரங்களில் மண்கூட இல்லை, விளிம்புவரைக்கும் தெளிந்த தண்ணீர்.

நஞ்சப்பன் மேலே ஏறிக் கடப்பாரையால் தொட்டியை ஓர் இடி இடித்தான். கை நுழைகிற ஓட்டை விழுந்தது. தண்ணீர் வெளியே வரவில்லை. ஓட்டையின் வாயில் கண்ணாடி பதித்ததுபோல நின்றுகொண்டு அவனைப் பார்த்தது. கீழே இறங்கி வந்து, பித்தளைக் குழாயில் ரப்பர் குழாயை மாட்டி வெளியே திறந்துவிட்டான். பகல் பூராவும் ஓடியது. ரோட்டோரப் பள்ளம் ஓடையானது. தக்கை அசையவில்லை.

"ஊத்து இங்கிருந்து கூப்பிடு தூரந்தானுங்க. போய் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்துருங்க" என்றாள் மருதாத்தாள்.

"ஆன பின்னால கேக்கறதுல என்ன இருக்குது?"

"எடுத்தவங்கதானுங்க கேக்கோணும். நாங் கேட்டு ஆகுமுங்களா?"

"கேக்கறவனா இருந்தா எங்கண்ணங்கிட்டயே கேட்டிருப்பனே. அவன் பொறந்த பொறப்பாச்சு. இது பாறை."

அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்குப் பசிக்குதுங்க."

அடுத்த தடவை குழாய் குமிழ்விட்டபோது நஞ்சப்பன் தயாராக இருந்தான். கபிரியேல் சொன்னதை அவன் மறக்கவில்லை. ஒன்றும் வரவில்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று வந்தால் எடுக்கக்கூடாது.

"எடுத்துக்கவா?"

"வேண்டாம்" என்றான் குழாயின் வாய்க்கு நேராக. "ஒண்ணும் கெடையாது. போ."

மேலே தொட்டி முனகியது. தக்கை அரைக் கீறல் இறங்கியது. நஞ்சப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "பாத்தியா? இதுக்கும் ஒரு நாயம் இருக்குது. எங்கண்ணனுக்கு அதுகூட இல்ல."

ஆனால் அது கேட்கிற இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. சோற்றுக்கு நடுவில் கேட்டது. பீடி பற்றவைக்கும்போது கேட்டது. ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருந்து, "வேண்டாம்" சொல்லவேண்டியிருந்தது. ஈரத்தில் கத்திக் கத்தி அவன் தொண்டை தகரமாகிவிட்டது. குரலுக்கு இதமாக இருக்கட்டும் என்று சுடுதண்ணீர் குடித்தான். வேறு தண்ணீர் ஏது, அதையேதான் குடித்தான்.

"பனி வெலகுனதும் நான் நடந்து போறனுங்க" என்றாள் மருதாத்தாள். "எஸ்டேட் ஆளுங்க லயத்துல யாராச்சும் இருப்பாங்க. அவங்க வாசல்ல நின்னு தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பேன். வர்றதுன்னா வாங்க." சொல்லிவிட்டுக் கட்டிலில் சரிந்தாள். ராத்திரி முழுக்க 'வேண்டாம்' சொன்னவள் அவள்தான். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

நடுப்பகல். வெளியே பால் மாதிரி பனி. நஞ்சப்பன் அவள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஈரத்தில் ஊறி வெளுத்து, விரலெல்லாம் சுருங்கியிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுசியிடம்கூட அவன் எதையும் கேட்டதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டான், அவளும் விட்டுக்கொடுத்தாள். சரி, என்று நினைத்தான். அண்ணனுக்குத் தெரியவா போகிறது? இவள் எழுந்ததும் ஊற்றுக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம். இவளுக்காக. ஒரே ஒரு தடவை.

அப்படி நினைத்ததுமே உடம்பு லேசானது. லேசானதும் கண் சொருகியது.

சித்த நேரம்தான்.

விழித்தான். தலை நிமிர்ந்தான். மருதாத்தாள் இருந்தாள். மூச்சு விட்டாள். ஸ்பானர் இருந்தது. அடுப்பு, பேட்டரி, அரிசி மூட்டை. எல்லாம் இருந்தது. தக்கையைப் பார்த்தான்.

ஒரு கீறல் ஏறியிருந்தது.

எதை எடுத்தது? சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எதுவும் குறையவில்லை. அவளை எழுப்பலாம் என்று வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி திறந்தான். காற்று வந்தது. காற்று மட்டும். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஈரமாக, காலியாக இருந்தது, கயிறு அறுந்த கிணறு மாதிரி.

குழாய் குமிழ்விட்டது.

"மருதா" என்றது.

அவன் குரல். களத்தில் பத்துப் பேர் நடுவில் அண்ணனை எதிர்த்துப் பேசின அதே குரல். ஆனால் அதில் இதுவரை இல்லாத ஒரு தணிவு.

"மருதா. எடுத்துக்கட்டா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே முகம் மலர்ந்தது. "என்னங்க அதிசயமா இருக்குது" என்றாள். "நீங்க கேக்கறதா."

நஞ்சப்பன் தலையை ஆட்டினான். கையை ஆட்டினான். கட்டிலை நோக்கிப் பாய்ந்தான்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

அவள் கையைப் பிடித்துவிட்டான். பிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தான். சூடாக இருந்தது. அப்புறம் குளிர்ந்தது. அப்புறம் விரல்களுக்கு இடையில் வழிந்தது.

கம்பளி இருந்தது. அவள் படுத்த வாகில், முழங்கால் மடங்கின வாகில், நனைந்து. மெதுவாக அது தட்டையானது.

மேலே தொட்டி புரண்டது. கண்ணாடிக் குழாயில் தக்கை கடைசிக் கீறலைத் தாண்டி உச்சியில் போய் முட்டியது. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நீளமான முடி ஏறியது. பாதி நரைத்தது.

அவன் ஸ்பானரை எடுத்தான். சுவர்த் தகரத்தில் அடித்தான். அடிக்கிற அடியில் வண்டியே அதிர்ந்தது. அடித்தான். வேண்டாம். அடித்தான். தரமாட்டேன். இரும்புச் சத்தம் பதிலாகுமா என்று கபிரியேலிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம்தான் இல்லையே.

வெளியே பனி விலகியது. ரோடு தெரிந்தது. யாரோ மண் அள்ளுகிற சத்தம்கூடத் தூரத்தில் கேட்டது. அவன் நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். உள்ளங்கை பிய்ந்து, ஸ்பானர் வழுக்கி, கீழே விழுந்து, அதைக் குனிந்து எடுக்கிற அந்த ஒரு மூச்சு நேரத்தில்,

"ஏனுங்க" என்றது குழாய்.

தூக்கக் கலக்கமான, பிரியமான, அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஏனுங்க. எடுத்துக்கட்டுங்களா?"