மழை கேட்டால் மலை

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. கொன்னது என் கொழுந்தன்தான்," என்றபடி கடைக்குள் வந்தாள், வீட்டு வரைபடம் போட்டுத் தரும் அந்தப் பெண். "இன்னிக்கே அவனை ஹாஸ்டலுக்கு அனுப்பப் போறேன்."

பழுது பார்ப்பவர் தலையை மட்டும் ஆட்டினார். தெரு அவருக்கு வைத்த பெயர் நிதானம். அவருடைய மைத்துனன் பெயர், கேட்கவே வேண்டாம், அவசரம்.

"விளையாடுறேன்னு எதையோ நோண்டியிருப்பான். கேஸ் முடிஞ்சுது அத்தான்," என்றான் அவசரம், அவள் வீட்டுக்குப் போகும் வழியில்.

"மெஷினைப் பாத்துட்டு முடிப்போம்."

வாசலில் கட்டி வைத்த பை இருந்தது. பக்கத்தில் கொழுந்தன், கல்லூரி மாணவன், தரையைப் பார்த்தபடி நின்றான். "நான் தொடல அண்ணி. பழி மட்டும் போடாதீங்க."

"சின்ன வயசுலேர்ந்தே எதையாவது நோண்டுறது அவனுக்குப் பளக்கம்," என்று யாரும் கேட்காமலேயே சொன்னார் அவன் அண்ணன், அவள் கணவர். நிதானத்தின் தோளுக்குப் பின்னால் நின்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். அவசரத்துக்கு இப்போது அந்த வீட்டில் எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது.

நிதானம் தன் பென் டிரைவைச் செருகி வேறு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தார். "ரெஜிஸ்ட்ரி கெட்டிருக்கு. எது எங்க இருக்கு, எப்படி ஓடணும்னு கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சிருக்கிற இடம் அது. யாரோ கண்டபடி அதுல கை வச்சிருக்காங்க." சற்றுத் தேடிவிட்டுத் தன் கைப்பேசியை நீட்டினார். "மூணு பேரும் மழைங்கிற சொல்லை இங்கிலீஷ் எழுத்துல அடிங்க."

அவசரத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூவரும் அடித்தார்கள்.

"அண்ணியும் கொழுந்தனும் இசட், ஹெச் போட்டிருக்காங்க. சார், உங்ககிட்ட மழை கேட்டேன், மலை வந்திருக்கு. உங்க நாக்குல ழ கிடையாது, அதனால விரல்லயும் இல்ல. கை வச்சவர் அதுக்கு முன்னாடி ரெஜிஸ்ட்ரியை ஒரு நகல் எடுத்திருக்கார். 'பழசு'ன்னு பேர் வச்சிருக்கார், அதுலயும் எல் தான்."

கணவரின் முகம் வெளுத்தது. "வேகமா ஓடட்டும்னு ஒரு வீடியோ பாத்து வேண்டாததை அளிச்சேன். உனக்கு உதவியாத்தான். அப்புறம் நகலைத் திரும்பப் போடத் தெரியல, சொல்லவும் பயம்."

நிதானம் அந்த நகலையே அதன் இடத்தில் வைத்தார். கம்ப்யூட்டர் எழுந்தது, அவள் வரைந்த வீடுகள் எல்லாம் திரையில் இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள்.

"அண்ணன்தான்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும் அண்ணி. அவரே சொல்லிடுவார்னு நெனச்சேன்."

கணவர் போய்த் தம்பியின் பையை எடுத்து உள்ளே கொண்டுவந்து வைத்தார்.