ஹேரமின் மூலை

இயந்திரத்தின் வாயிலிருந்து கிளம்பிய வெண்ணிற ஆவி மேலே போகாமல், இடப்பக்கம் சாய்ந்து, அறையின் மூலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மிரான் சன்னலைப் பார்த்தாள். இரட்டைக் கண்ணாடி, இறுக்கமாகச் சாத்தியிருந்தது. வெளியே சுன்சோன் நகரத்தின் மேல் காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆவதற்குள்ளேயே இருட்டத் தொடங்கிவிட்டது. அறைக்குள் காற்று அசைய வழியே இல்லை. அவள் இயந்திரத்தைத் திருப்பி வைத்தாள். ஆவி கொஞ்ச நேரம் நேராக எழுந்து, பிறகு மறுபடியும் அந்த மூலைக்கே வளைந்தது.

கட்டிலில் அவள் மகள் போமி தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு வயது. குளிர்காலத்தில் தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் அறையைச் சூடாக்குகிற கையோடு காற்றையும் காயவைத்துவிடும். குழந்தைக்கு உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், வறட்டு இருமல் பிடித்துக்கொள்ளும். மற்ற வீடுகளில் காற்றை ஈரமாக்க ஒரு ஹியூமிடிஃபையர் இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மிரான் மட்டும் ஈரத் துண்டுகளை அறை முழுக்கத் தொங்கவிட்டே சமாளித்து வந்தாள். வீடா சலவைக்கடையா என்று தேசிக் என்ற அவள் கணவன் கிண்டல் செய்வான். இந்த வாரம் தலையணையில் ரத்தத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டு, கடைக்குப் போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"டாக்டரே சொல்லிட்டாரு, போமியம்மா. காத்துல ஈரம் இருந்தா மூக்கு காயாது, இருமல் அடங்கும், தோல் வெடிக்காது. நாமளும் நல்லாத் தூங்கலாம்."

"கடைக்காரன் சொன்னத அப்படியே ஒப்பிக்கிறீங்களா?"

"ஆமா, அவன் எனக்கு மாமன் மச்சான் பாரு! கொதிக்க வச்சு ஆறின தண்ணி. தினமும் கழுவணும். வேற எதுவும் ஊத்தக் கூடாது. அவ்வளவுதான்."

வேற எதுவும் என்று சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப்போனான்.

ஹேரம் அவர்களுடைய முதல் பிள்ளை. அவன் பிறந்த குளிர்காலத்திலும் இப்படி ஓர் இயந்திரம் இருந்தது. அந்த மூலையில்தான் அவன் தொட்டில் கிடந்தது. தண்ணீரில் கிருமி வளராமல் இருக்க என்று ஒரு மருந்தை அப்போது கடைக்குக் கடை விற்றார்கள். குழந்தைக்கும் பாதகமில்லை என்று போத்தலிலேயே அச்சடித்திருந்தது. தாய்மாரின் பயத்தைப் போல லேசாக விலைபோகும் சரக்கு வேறு இல்லை. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் மிரான் தன் கையாலேயே ஒரு மூடி ஊற்றினாள். அவனுக்கு இருமல் வந்தபோது, காற்று இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று இரண்டு மூடி ஊற்றினாள். செர்ரி பூக்கும் முன்பே அவனுடைய நுரையீரல் இறுகிப்போய், மூச்சு இழுக்க முடியாமல் செத்துப்போனான். கொன்றது அந்த மருந்துதான் என்று வெகுகாலம் கழித்துத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். உன் தப்பு இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஊற்றியது யார் கை என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் அவள் மனம் விட்டு அழுதிருப்பாள்.

இப்போது அந்த மருந்தின் வாசனை வந்தது.

சோப்பும் பூவும் கலந்த, மெல்லிய, சுத்தமான வாசனை. மிரான் தொட்டியைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். வெறும் தண்ணீர். தன் விரல்களை முகர்ந்தாள். அவற்றில்தான் அடித்தது. குளியலறைக்குப் போய்த் தோல் எரியும்வரை தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து தொட்டியை மாட்டியபோதும் அடித்தது. ஆவி மூலைக்குள் போகிற விதத்தை அப்போதுதான் கவனித்தாள். சீராகப் போகவில்லை. கொஞ்சம் போயிற்று, நின்றது, மறுபடி கொஞ்சம் போயிற்று. சின்னச் சின்னதாக. அவசர அவசரமாக. யாரோ அதை மூச்சாக இழுக்கிறார்கள். அந்த வேகம் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தக் குட்டி மார்பின்மேல் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் அவள்.

இயந்திரத்தை அணைத்தாள்.

மூலையில் ஓர் இருமல்.

வறண்ட, சின்ன இருமல். பிறகு இன்னொன்று. பிறகு மூச்சுக்குத் தவிக்கிற அந்த ஓசை. அவளால் தாங்க முடியவில்லை. எந்தத் தாயால் முடியும்? மறுபடி போட்டாள். இருமல் அடங்கிற்று. அடங்கியதில் அவளுக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது; அதை நினைத்ததும் உடம்பு கூசியது.

"அம்மா."

போமி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பாவுக்கு இன்னும் வேணுமாம்."

"எந்தப் பாப்பா? படுத்துக்கோடா கண்ணு."

"அங்க இருக்கு. நீதான குடுத்த. நல்லா இருக்காம்." போமி கட்டிலிலிருந்து இறங்கினாள். "எனக்கும் தருதாம்."

மிரான் மின்கம்பியைப் பிடுங்கினாள். தொட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, கடைசிச் சொட்டுவரை குளியலறையில் கவிழ்த்தாள். திரும்பி வந்தாள்.

ஆவி நிற்கவில்லை. கூடியிருந்தது. இடுப்பளவு வெள்ளை. அந்த வெள்ளைக்குள், மூலையில், ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது. தொட்டில் பிள்ளை அளவுக்கு. அதன் பக்கத்தில் போமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மார்பும் அதே வேகத்தில் ஏறி இறங்கியது. சின்னதாக. அவசரமாக.

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

கோபம் இல்லை. அதுதான் கொடுமை. கஞ்சிக் கரண்டியோடு அம்மா வரும்போது பிள்ளைகள் முகத்தை நிமிர்த்துவார்களே, அப்படி நிமிர்த்தினார்கள். வாயைத் திறந்தார்கள். போமியின் வாய். காலியான இடத்தில் இன்னொரு வாய். பல் முளைக்காதது.

இழுக்காத. மூச்ச இழுக்காத. அம்மாகிட்ட ஓடி வந்துடு.

அப்படிப் போமியிடம் கத்துவதற்கு மிரான் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. அவள் தொண்டைக்குள்ளிருந்து வெள்ளையாக, சுத்தமாக, மணமாக, ஆவி புறப்பட்டு வந்தது. வாயை மூடப் பார்த்தாள். மூட வரவில்லை. கண்ணீர் வழிய அவள் ஊதிக்கொண்டே நின்றாள். பிள்ளைகள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, ஆசையாக, கடைசிவரை உள்ளே இழுத்தார்கள்.