காணாமல் போன ஸ்லைடு பெட்டி

காலை எட்டேகால். ஆபரேஷன் தியேட்டரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உதவியாளர்கள் பச்சை உடையில் காத்திருந்தார்கள். மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் திசுப் பரிசோதனை மருத்துவர் அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு குனிந்து பார்த்தார். பெட்டி இல்லை.

சோப்பு வைக்கும் பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பெண்ணின் தொண்டைப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த சதை அதற்குள் இருந்தது, கண்ணாடி ஸ்லைடுகளில் மெல்லிய சீவல்களாகவும், மெழுகில் பதித்த ஒரு துண்டாகவும். குரல்வளையை எடுப்பதென்றால், அன்று காலையே இரண்டாவது மருத்துவர் ஒருவர் அந்த ஸ்லைடுகளைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையின் விதி அது. பெட்டி இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை.

பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார்கள். போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் கடைசியில் "சும்மா கேட்டேன்" என்பார். பிறகு வாயைத் திறக்க மாட்டார். எதிரே இருப்பவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதையாவது சொல்லிவிடுவார். அவருக்கு அங்கே சும்மா சார் என்றே பெயர்.

பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது. திசு மருத்துவர், சர்ஜன், கீமோ டாக்டர்.

"நேத்து சாயங்காலம் இங்க என்ன நடந்தது?"

"வழக்கமான கூட்டம் சார். வழக்கமான சண்டை."

"யார் யாருக்கு?"

"அண்ணனுக்கும் தங்கச்சிக்கும்" என்றார் திசு மருத்துவர்.

சர்ஜனும் கீமோ டாக்டரும் கூடப்பிறந்தவர்கள். ஒரே மருத்துவமனை, ஒரே நோய், இரண்டு கட்சி.

"அண்ணன் முதல்லயே வெட்டணும்னார். ரேடியேஷன் கொடுத்து, அதுக்கப்புறம் கட்டி திரும்பி வந்தா, வெந்த சதையில தையல் சரியா ஆறாதுங்கிறது அவர் வாதம். தங்கச்சி கீமோ முதல்லன்னாங்க. ரெண்டு மூணு தடவை மருந்து. கட்டி பாதிக்கு மேல சுருங்கினா ரேடியேஷன்லயே முடிச்சிடலாம், குரல் மிஞ்சும். சுருங்கலேன்னா அப்ப வெட்டலாம். ரேடியேஷன் படாத சதைதானே."

"எது சரி?"

"ரெண்டும் புஸ்தகத்துல இருக்கு. கட்டி பக்கத்துக் குருத்தெலும்பைத் துளைச்சிருந்தா அண்ணன் சரி. இல்லேன்னா தங்கச்சி. ஸ்கேன்ல அந்த இடம் மங்கலாத்தான் இருக்கு. அண்ணன் துளைச்சிடுச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டார். ‘உன் மருந்து கட்டிக்குத் தாலாட்டும்மா’ன்னார். எல்லாரும் சிரிச்சோம். தங்கச்சி சிரிக்கல."

கதவு திறந்தது. சர்ஜன் உள்ளே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"ஒரு பெட்டியப் பாத்துக்க ஆளில்லையா இங்க?" என்றார் சத்தமாக. யார் முகத்தையும் பார்க்கவில்லை. வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு மருத்துவமனை இயக்குநர் முடிவு சொன்னார். சாயங்காலத்துக்குள் பெட்டி வராவிட்டால் கீமோ டாக்டர் வேலையிலிருந்து ஒதுங்கி இருக்க வேண்டும். சந்தேகம் அவர் மேல்தான். அவர் ஒதுங்கினால் அவருடைய திட்டமும் ஒதுங்கிவிடும். புதிதாகச் சதை எடுத்து, அடுத்த வாரம் குரல்வளையை எடுத்துவிடுவார்கள்.

கீமோ டாக்டர் தன் அறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சாவி உங்ககிட்டயும் இருக்கு. சும்மா கேட்டேன்."

"இருக்கு. காரணமும் இருக்கு. உங்க இடத்துல நான் இருந்தா என்னையத்தான் பிடிப்பேன்."

சும்மா சார் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.

"நான் எடுக்கல சார்" என்றார் அவர் கடைசியில். "எடுக்கத் தோணலையேன்னுதான் இப்ப வருத்தமா இருக்கு."

ஒன்பதரை. வார்டில் அந்தப் பெண் தலையணையில் சாய்ந்திருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று ஊருக்கே சொன்ன குரல் இப்போது கரகரத்து, பாதி காற்றாக வந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. சும்மா சார் அதைத் திருப்பிப் படித்தார். ‘வாய்வழி எதுவும் கூடாது. சர்ஜன் அனுமதியின்றி மாற்றக் கூடாது.’ பக்கத்து மேசையில் பாலாடை ஒட்டிய காலி டம்ளர்.

"ஆபரேஷன் நின்னுபோச்சாமே" என்றார் கணவர். "எடுக்கிறதை எடுத்துடச் சொல்லுங்க சார். குரல் போனாப் போகுது. ஆள் இருந்தாப் போதும்."

"நான் எப்ப வாயை மூடுவேன்னு கல்யாணமான நாள்லேர்ந்து காத்திருந்தார்" என்றார் மனைவி. "இப்ப டாக்டரே மூடுறேன்னதும் அழறார்."

"நான் எங்க அழுதேன்?"

"கண்ணாடியத் துடைங்க, தெரியும்."

சும்மா சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து சர்ஜன் வந்தாராம்மா?"

"கூட்டம் முடிஞ்சு தனியா வந்தார். ஏதாவது பேசுங்கன்னார். என்ன பேசன்னேன். வேலையில என்ன சொல்வீங்களோ அதையே சொல்லுங்கன்னார். சொன்னேன். என் கழுத்துல விரலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தார். உங்களை மாதிரியே."

"பால் எப்ப குடிச்சீங்க? சும்மா கேட்டேன்."

"ஏழு மணிக்கு" என்றார் கணவர். "நர்ஸம்மாவே கொண்டுவந்தாங்க."

சும்மா சார் வெகுநேரம் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

பத்தரை மணிக்கு கீமோ டாக்டரைக் கூட்டிக்கொண்டு சர்ஜன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

"பெட்டி காணோம்னு தெரிஞ்சது எட்டேகாலுக்கு" என்றார். "அந்தம்மாவுக்குப் பால் கொடுத்தது ஏழு மணிக்கு. ஆபரேஷனுக்குப் போற ஆளுக்கு யாரும் பால் கொடுக்க மாட்டாங்க. அப்ப, இன்னைக்கு ஆபரேஷன் நடக்காதுன்னு ஏழு மணிக்கு முன்னாடியே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு."

சர்ஜன் அசையவில்லை.

"அந்த அட்டையத் திருப்பச் சொல்ல ஒரே ஒருத்தராலதான் முடியும். எட்டேகாலுக்கு உங்க ஆளுங்க எல்லாம் பச்சை உடுப்புல நின்னாங்க. நீங்க மட்டும் வெள்ளைச் சட்டையில வந்தீங்க. ஆபரேஷனை எதிர்த்தது யாருன்னே எல்லாரும் தேடினோம். வாதத்துல ஜெயிச்சவரை யாரும் கேக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "நர்ஸ்கிட்ட நான் இன்னும் பேசல. நீங்களே சொல்லிட்டா பேச வேண்டியதில்ல."

தங்கை அண்ணனைப் பார்த்தார். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி வார்டிலேர்ந்து வந்து ஸ்கேனை மறுபடி பாத்தேன்" என்றார் சர்ஜன். "துளைச்சிடுச்சுன்னு நான் சொன்ன இடத்துல எதுவும் தெரியல. நிழல்தான். நேத்து எனக்கு ஜெயிக்கணும்னு இருந்துச்சு, ஜெயிச்சுட்டேன். ஒரு வாரம் தள்ளிப்போனா அடுத்த கூட்டத்துல மெதுவா மாத்திப் பேசிக்கலாம்னு நெனச்சேன். இவ மேல பழி விழும்னு நெனைக்கல. விழுந்தப்பவும் வாய் வரல."

"பாலை ஏன் கொடுக்கச் சொன்னீங்க?"

"நடக்காத ஆபரேஷனுக்கு அந்தம்மா எதுக்குப் பட்டினி கிடக்கணும்?"

இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணா" என்றார் தங்கை. "இதுக்குப் பேரு மனசு மாறுறது. இதுக்குப் போய்த் திருடுவாங்களா?"

"உன்கிட்ட வந்து சொல்றதைவிடத் திருடுறது சுலபமா இருந்துச்சு."

தங்கை சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியை எடுத்து அண்ணனுடைய கையிலேயே கொடுத்தார்.

"இயக்குநர்கிட்ட நீங்களே போங்க" என்றார் சும்மா சார். "இதை நான் சும்மா சொல்லல."

பன்னிரண்டு மணிக்கு, இயக்குநர் அறையிலிருந்து முகம் வெளிறி வந்த சர்ஜன், தங்கையோடு வார்டுக்குப் போனார். செய்ததைச் சொன்னார். பிறகு திட்டத்தைச் சொன்னார். முதலில் மருந்து, அப்புறம் ஸ்கேன், சுருங்கினால் ரேடியேஷன்.

"சுருங்கலேன்னா?" என்று கேட்டார் கணவர்.

"அப்ப நான் வெட்டுவேன். அப்ப தயங்க மாட்டேன்."

கணவர் மனைவியைப் பார்த்தார். அவருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெண் அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வலித்தது போலிருந்தது. இருந்தாலும், வேலையில் பேசுகிற தோரணையில், சொல் சொல்லாக, கரகரத்த குரலில் சொன்னார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இன்று காலை புறப்பட வேண்டிய வண்டி, தாமதமாகப் புறப்படும்."

கதவருகே நின்ற சும்மா சார் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, இன்னொரு டம்ளர் பால் கேட்க நர்ஸிடம் போனார்.