கல்லறைக்கு வயது நாற்பது நாள்!

போன் அடித்தது.

காலை ஏழு மணி. ஜாவாவின் பாசித்தான் கடற்கரையில் ஒரு சின்ன விடுதி. விடுரி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே எடுத்தாள்.

"ஹலோ?"

"கையெழுத்துப் போடாதீங்க...!"

கிழக் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் ஆயிரம் குருவிகள் ஒன்றாகக் கத்துகிற சத்தம்.

"யார் பேசறது?"

"மங்குன்... நீங்க வாங்கப் போற நிலத்துக்குச் சொந்தக்காரன்!"

துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

"நீங்க... நீங்க செத்துப்போயிட்டதா..."

"அப்படிச் சொல்லித்தான் விக்கிறான், என் அண்ணன் மகன் சுகொண்டோ! என்னை அடைச்சு வெச்சிருக்கான்மா! நீங்க பணத்தைக் குடுத்த மறு நிமிஷம் என்னை நெஜமாவே கொன்னுடுவான்... ஐயோ, வர்றான்!"

டொக்!

கட்டிலில் சம்மணமிட்டு வாழைப்பழ பஜ்ஜியை மென்றுகொண்டிருந்த தங்கை நஸ்திதி நிமிர்ந்தாள்.

"யாருக்கா?"

"செத்தவர்டி."

"பரவால்லையே, அங்கேயும் சிக்னல் கிடைக்குது!"

விடுரி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை. கணவன் போன பிறகு சுரபயாவில் இருந்த ஒரே வீட்டை விற்றுவிட்டாள். அந்தப் பணம் மொத்தமும் அவளுடைய வங்கிக் கணக்கில் இருந்தது. பெரிய தொகையை ஒரே தடவையில் அனுப்ப வசதியாக, வங்கியில் சொல்லி போனிலேயே வரம்பை உயர்த்தியும் வைத்திருந்தாள். கடலைப் பார்த்த ஒரு துண்டு நிலம்... ஆறு அறை... அலைச் சறுக்குக்கு வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு. அவ்வளவுதான் அவள் கனவு. அது கவிழ்ந்தால் திரும்பிப் போக வீடு கிடையாது!

"எவனாவது விளையாடறான்க்கா. விலையைக் கெடுக்கற போட்டி புரோக்கரா இருக்கும்."

"அந்தக் குரல் நடுங்கிச்சுடி, நஸ்தி. நான் கையெழுத்துப் போட்டு ஒரு மனுஷன் செத்தார்னா, அந்த வீட்ல நான் எப்படித் தூங்குவேன்?"

வெளியே ஹாரன் சத்தம்.

சுகொண்டோ வந்துவிட்டான்!

*

விரலுக்கு ஒன்றாக அகேட் கல் மோதிரம். கஞ்சி போட்ட பாத்திக் சட்டை. வாய் நிறையச் சிரிப்பு. அந்த ஊர் மரியாதைப்படி பெண் என்றால் 'இபு', ஆண் என்றால் 'பாக்'.

"கிளம்பலாமா, இபு? பத்து மணிக்குப் பத்திரம் பதிய நோட்டரி காத்திருப்பார்."

"ஒரு சின்ன ஆசை, பாக் சுகொண்டோ. பெரியவர் நிலத்துல குடியேறப் போறேன். அவர் கல்லறையில ரெண்டு பூ தூவி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேனே?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"எதுக்கு இபு... இந்த வெயில்ல?"

"எட்டு மணிக்கு என்ன வெயில் பாக்?" என்றாள் நஸ்திதி. "சித்தப்பாவைப் பார்க்க உங்களுக்கே இஷ்டம் இல்லையா?"

அதற்கு மேல் எந்த மனிதன் மறுப்பான்? அவன் தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, சகோதரிகளின் வாடகைக் கார் பின்தொடர்ந்தது.

மயானத்தில் ஆள் இல்லை. அலரி மரங்களின் கீழே வரிசையாகக் கல்லறைகள். ஐந்தாவதைக் காட்டினான் சுகொண்டோ. வழவழவென்று கறுப்புக் கல் பதித்த கல்லறை. ஓரத்தில் லேசாகப் பாசி. தலைமாட்டில் ஒரே ஒரு சொல்... மங்குன்.

விடுரி பூவைத் தூவினாள். கண் கல்லிலேயே நின்றது.

"எப்ப தவறினார்னு சொன்னீங்க?"

"நாப்பது நாள் ஆச்சு இபு. நாப்பதாம் நாள் சாப்பாடுகூட போன வியாழக்கிழமைதான் போட்டோம்."

நஸ்திதி அக்காவின் இடுப்பைக் கிள்ளினாள். வலித்தது. காரணம் புரிந்ததால் கத்தவில்லை.

ஜாவாவில் ஒருவரைப் புதைத்தால் மேலே மண்மேடு, தலைக்கும் காலுக்கும் மரக்கட்டை, அவ்வளவுதான். கல் பதிப்பது ஆயிரமாவது நாள் சடங்கில். கோடீஸ்வரன் வீட்டுப் பிணமானாலும் ஏறக்குறைய மூன்று வருஷம் வெறும் மண்ணுக்கடியில்தான் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும்.

நாற்பது நாளில் கல்லா?

"கல்லு சீக்கிரம் வெச்சிட்டீங்க போல...?"

சுகொண்டோ கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அது... கடல் காத்துல மண்ணு கரையுதுன்னு... வாங்க இபு, நேரமாச்சு!"

"எனக்குத் தலை சுத்துது பாக். கையெழுத்தை ரெண்டு மணிக்கு வெச்சுக்கலாமா?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

"ரெண்டு மணி. அதுக்கு மேல தாண்டக் கூடாது, இபு."

*

"போலிக் கல்லறை!" காரில் ஏறியதும் நஸ்திதி வெடித்தாள். "வாங்க வர்றவங்களுக்குக் காட்ட எவன் கல்லறையிலயோ கிழவர் பேரைப் பொறிச்சு வெச்சிருக்கான்! கிழவர் உயிரோடதான் இருக்கார்க்கா!"

"எங்க? எங்கன்னு தேடறது?"

"போன்ல குருவிச் சத்தம்னு சொன்னியே!"

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நேற்று நிலத்தைப் பார்க்கப் போனபோது வேலியை ஒட்டி ஒரு கட்டடம். மூன்று மாடி. ஜன்னலே கிடையாது. சூப் வைக்க விலைபோகிற கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்கிற இடம். குருவிகளை இழுக்க, பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் நாள் முழுக்க அலறவிடுவார்கள். உள்ளே ஒரு மனிதன் மாதக்கணக்கில் கத்தினாலும் பக்கத்துத் தோப்புக்குக் கேட்காது!

நஸ்திதி காரை விரட்டினாள்.

இரும்புக் கதவில் பூட்டு. அவள் டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து ஓங்கி அடித்தாள். ஒன்று... இரண்டு... மூன்று!

உள்ளே இருட்டு. எச்ச நாற்றம் மூக்கில் அறைந்தது. விடுரி போனின் வெளிச்சத்தை அடித்தாள்.

மூலையில் ஒரு கிழவர். கை கால் கட்டப்பட்டு... வாயில் துணி!

துணியை உருவியதும் அவர் விசும்பினார்.

"வந்துட்டியா மகளே... அவனோட இன்னொரு போனைத் திருடித்தான் பேசினேன்... நீ வருவேன்னு நினைக்கவே இல்ல!"

விடுரிக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கணவனைக் காப்பாற்ற முடியாத கை, இன்று ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

"போலீசுக்குப் போலாம், பாக்."

"வேண்டாம்மா! ஸ்டேஷன்ல பாதிப் பேரு அவன் ஆளுங்க. முதல்ல நிலத்தை உன் பேருக்கு எழுதிடறேன். நிலம் கைமாறிட்டா அப்புறம் என்னைக் கொன்னு அவனுக்கு என்ன லாபம்?"

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்பைப் பிரித்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரம்.

"இதை மட்டும் அவனால கண்டுபிடிக்க முடியல. என் சிநேகிதன் தர்சோனோ நோட்டரிதான். வா, போலாம்!"

*

தர்சோனோவின் அலுவலகம் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்தது. அவர் கிழவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் மளமளவென்று காகிதங்களை அடுக்கினார்.

விடுரியின் போன் அலறியது.

சுகொண்டோ!

"கிழவன் எங்கடி? பூட்டை உடைச்சிருக்கீங்க... எங்க போயிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். வர்றேன்!"

நஸ்திதி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

"பணத்தை அனுப்பிட்டா அடுத்த நிமிஷம் பதிவு பண்ணிடறேன் இபு," என்றார் தர்சோனோ. "அவன் வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

விடுரி வங்கிச் செயலியைத் திறந்தாள். கணக்கு எண்ணைப் போட்டாள். தொகையைப் போட்டாள். ரகசிய எண்தான் பாக்கி.

கிழவர் பதறினார்.

"சீக்கிரம் மகளே! ஆயிரம் நாள்கூடப் பொறுக்காம எனக்குக் கல்லு நட்ட அவசரக்காரன் அவன்! உன்னை மட்டும் சும்மா விடுவானா?"

விடுரியின் விரல் நின்றது.

கல்லா?

கல்லைப் பற்றி அவள் இவரிடம் வாய் திறக்கவே இல்லை. நஸ்திதியும் திறக்கவில்லை. நாற்பது நாளாக ஜன்னலில்லாத கட்டடத்தில் கட்டிப்போடப்பட்டவருக்கு... மயானத்தில் கல் இருப்பது எப்படித் தெரியும்?

போனைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"என்ன மகளே?"

"ஒண்ணுமில்ல பாக். கை நடுங்குது."

ஆறு எண்களை அழுத்தினாள்.

தவறான எண்!

மறுபடி அழுத்தினாள். தவறான எண்! மூன்றாவது தடவை...

திரை சிவந்தது. 'கணக்கு முடக்கப்பட்டது. வங்கிக் கிளையை நேரில் அணுகவும்.'

"அக்கா!" நஸ்திதி தலையில் கை வைத்தாள். "உன் கல்யாணத் தேதிதானே? அதைக்கூடவா மறப்பாங்க?"

கிழவரின் முகத்தில் ஒரு விநாடி அழுகை காணாமல்போனது.

"இப்ப என்ன பண்றது?"

"பேங்குக்கு நேர்ல போனா உடனே திறந்துவிடுவாங்க," என்றாள் விடுரி. "ஆனா சுகொண்டோ வழியில மறிச்சா?"

"மறிக்கமாட்டான்!" என்றார் தர்சோனோ சட்டென்று. பிறகு இருமினார். "அதாவது... நான் கூட இருக்கேன்ல? என் கார்லயே போலாம்."

போனார்கள். கிழவர் அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டார். தர்சோனோ ஏசியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். புது மருமகளைக்கூட அப்படித் தாங்கமாட்டார்கள்!

வங்கி வாசலில் காவலாளி நெஞ்சில் கை வைத்து வணங்கினான். கிழவரும் தர்சோனோவும் சோபாவில் அமர்ந்தார்கள். கண் மட்டும் அவள் மேலேயே இருந்தது.

விடுரி படிவத்தை நிரப்பினாள். பெயர்... கணக்கு எண்... காரணம் என்ற கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்.

'சோபாவில் இருக்கும் இரண்டு ஆண்களும் மோசடிக்காரர்கள். போலீசைக் கூப்பிடுங்கள்.'

கவுன்டர் பெண் படித்தாள். அவள் புன்னகை ஒரு நூல்கூட மாறவில்லை.

"பதினஞ்சு நிமிஷம் ஆகும் இபு. தண்ணி குடிக்கிறீங்களா?"

பதினைந்து நிமிஷம்!

கிழவர் கால் மாற்றிப் போட்டார். தர்சோனோ கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். வாசலை நோக்கி நடந்தார். காவலாளி மறுபடி நெஞ்சில் கை வைத்து, மறு கையால் கதவைப் பூட்டினான்.

"மன்னிக்கணும் பாக். கதவு ரிப்பேர்."

*

இன்ஸ்பெக்டர் பிரஸ்திவி விலங்கை மாட்டும்போதே கிழவரின் சட்டைக்குள் ஒரு போன் அடித்தது. அவள் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மாமா! பணம் வந்துடுச்சா?" சுகொண்டோவின் குரல்.

"வந்துக்கிட்டே இருக்கு மாப்ள," என்றாள் பிரஸ்திவி. "பேங்க்ல இருக்கோம். நீயும் வந்துடு."

டொக்! ஆனாலும் அரை மணி நேரத்தில் அவனைப் பேருந்து நிலையத்தில் அமுக்கிவிட்டார்கள். கிழவர் கல்லைப் பற்றி உளறியதைக் கேட்டதும் அவன் கொதித்தான்.

"மாமா! அழறது மட்டும்தானே உங்க வேலை! பேசச் சொன்னது யாரு?"

நஸ்திதிக்கு இன்னும் தலை சுற்றியது.

"அப்ப மங்குன் எங்கக்கா?"

"செத்துட்டார்மா," என்றாள் பிரஸ்திவி. "மூணு வருஷம் முன்னாடியே. கல்லு ஆயிரமாவது நாள் முறைப்படிதான் வெச்சிருக்காங்க. நிலம் கலிமந்தான்ல இருக்கற அவர் மகளோடது. அந்தப் பொண்ணுக்கு இது எதுவும் தெரியாது. உங்ககிட்ட காட்டின பத்திரம் கலர் ஜெராக்ஸ்."

"அப்போ நாப்பது நாள்னு சுகொண்டோ உளறினது?"

"உளறலடி," என்றாள் விடுரி. "எந்த ஜாவாக்காரன் அந்தத் தப்பைப் பண்ணுவான்? நாம கண்டுபிடிக்கணும்னே பண்ணின தப்பு. நாமளே மூளையைக் கசக்கி, நாமளே பூட்டை உடைச்சு, நாமளே காப்பாத்தின ஆளை... நாம சந்தேகப்படுவோமா?"

"கல்லறைக்கு நீங்க கேக்கலைன்னா அவனே கூட்டிட்டுப் போயிருப்பான்," என்றாள் பிரஸ்திவி. "போன ரெண்டு தடவை அவனே வாரிசா நின்னு வித்துப் பார்த்தான். வந்தவங்க நில அலுவலகத்துக்குப் போய் விசாரிச்சுட்டாங்க. காப்பாத்தினவங்க மட்டும் விசாரிக்கவே மாட்டாங்க."

விடுரி கண்ணை மூடித் திறந்தாள். பணம் இருந்தது. ஒரு காசு குறையாமல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பிரஸ்திவி பாட்டில் தண்ணீரை நீட்டினாள்.

"இன்னும் எங்க ஊர்ல நிலம் வாங்கற எண்ணம் இருக்கா, இபு?"

"இருக்கு இன்ஸ்பெக்டர். ஆனா யாரை நம்பி வாங்கறதுன்னுதான் தெரியல."

"நேரா மங்குன்கிட்டயே பேசுக்கா," என்றாள் நஸ்திதி. "வந்ததுலேர்ந்து நம்மகிட்ட பொய் சொல்லாத ஒரே மனுஷன் அவர்தான்!"