பொடிமேல் ஏறும் பனி

ராமாத்தாள் கணப்புச் சட்டிக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

தை மாதத்து விடியல். கேத்திப் பள்ளத்தில் தேயிலையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. அவள் புருஷன் நஞ்சப்பன் வாயிலும் வெளியே நின்ற எருமையின் மூக்கிலும் ஆவி பறந்தது. கரி காந்தும் வாடையும் ஈரக் கம்பளியின் வீச்சமும் தோட்டத்து லைன் வீட்டை நிறைத்திருந்தன. தகரக் கூரைமேல் உறைபனி மெல்ல விரிசல்விடும் சத்தம் கேட்டது. அவள் முகத்தைச் சுற்றி மட்டும் எதுவும் இல்லை.

"காப்பி ஆறுது, குடி."

"சூடு வேண்டாமுங்க."

நஞ்சப்பன் யாரையும் லேசில் நம்பாதவர். மூடிக்கிடந்த டீ பேக்டரியில் குளிர்ப்பெட்டி வைத்து ஆராய்ச்சி செய்யும் ரஞ்சனியையும் நம்பியதில்லை. அங்கே அவர் வாட்ச்மேன், ராமாத்தாள் கூட்டிப் பெருக்குகிறவள்.

"துருவத்துல குளிர்காலம் பூரா சூரியனே வராதுங்கய்யா," என்று ஒருநாள் ரஞ்சனி சொன்னாள். "இருபது கிலோமீட்டர் ஒசரத்துல மைனஸ் எண்பத்தஞ்சு. அப்பவும் ஈரம் தானா உறையாது. ஒட்டிக்க அமிலத்துளியோ, எரிஞ்சு விழுந்த விண்கல்லோட பொடியோ வேணும். அதுமேல பனி ஏறி, சிப்பி மாதிரி மினுங்குற மேகமாகும். இந்தக் குப்பியில இருக்கறது அந்தப் பொடிதான்."

"எங்கூர்ல புல்லுமேலயே ஏறுது அம்மிணி. இதுக்கு ஒரு பெட்டி, அதுக்கொரு கரண்டு பில்லு!"

நேற்று சாயங்காலம் ராமாத்தாள் இருமிக்கொண்டே வந்தாள். "ஏனுங்க, அந்தப் பொடிக் குப்பி ஒடஞ்சிருச்சு. முந்தானையில தொடச்சேன், மூக்குலயும் போயிருச்சு. அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, வேலை போயிரும்."

அவர் சொல்லவில்லை. படித்தவர்கள் எதையும் பெரிசாக்குவார்கள் என்று விட்டுவிட்டார்.

இப்போது அவள் கன்னத்தைத் தொட்டார். தொட்ட விரல் மரத்துப்போனது.

"குளுருதா, புள்ள?"

"ஒண்ணுமே தெரியலீங்க." சிரித்தாள். பல்லுக்குப் பின்னால், இருட்டில், சிப்பியின் உட்புறம்போல இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஏதோ மினுங்கியது. நகர்ந்தது.

மேகம்.

சட்டியில் கரி கறுத்தது.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. வாசலில் வெயில் விழுந்திருந்தது. நாலே அடி.

"வெயிலுக்கு வா, ராமாத்தா. வந்துரு."

பலம்கொண்ட மட்டும் இழுத்தார்.

சுள்ளி முறிகிற சத்தம். வலியில்லை.

அவர் கை விடுபட்டிருந்தது. அதில் மூன்று விரல்கள்தான். ரத்தம் இல்லை. மற்ற இரண்டும் அவள் உள்ளங்கையில் கிடந்தன. அவள் குனிந்து பார்த்தாள். யாரோ கொடுத்த மிட்டாயை வாங்கிக்கொள்வதுபோல் மெதுவாகக் கையை மூடினாள். மூடிய கையின்மேல் வெள்ளை, இதழிதழாக ஏறிக்கொண்டிருந்தது.